பொட்டு வைத்த பக்கம்

சண்முகவள்ளிக்கு ஒரு காலத்தில் மைக்கே தேவைப்பட்டதில்லை. மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கையுறைத் தொழிற்சாலை பஸ் விடியலில் வந்து சந்து முனையில் நின்றால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கமாட்டார். வள்ளி ஏறியாயிற்றா என்று மட்டும் பார்ப்பார். அவள் படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால், கடைசி வீட்டில் தலைவாரிக்கொண்டிருக்கும் பெண்கூடச் சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு ஓடிவருவாள். தொழிற்சாலைக்குள்ளும் அதே கதைதான். எந்திரச் சத்தத்தில் மற்ற லைன் லீடர்கள் கையை ஆட்டியும் விசில் ஊதியும் வேலை வாங்குவார்கள். இவள் வாயைத் திறந்தால் அந்தக் கோடி வரைக்கும் போய்ச் சேரும். ஆண்டுக் கூட்டத்தில் மேனேஜர் மைக்கை நீட்டியபோது, அதை வாங்கி மரியாதையாக மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், அறுத்து எடுத்தார்கள். உடம்பு தேறியது. குரல் தேறவில்லை. காற்றும் கரகரப்புமாக, பாதித் தூரம் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு குரல் மிஞ்சியது. கொஞ்சம் முன்னேறலாம், ஆனால் இனிமேல் கத்த முயற்சி செய்ய வேண்டாம் என்று டாக்டர் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். வள்ளி அவளிடம் கோபப்படவில்லை. கோபம் வந்ததெல்லாம் ஊர்க்காரர்கள் மேல்தான். கோயிலில், பாசாரில், கல்யாண மண்டபத்தில், எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருந்த குரல், பாவம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் எதிரே உயிரோடு நிற்கும்போதே எழவு கேட்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும் இல்லையா? வள்ளி கையை உருவிக்கொண்டு, குரலுக்குத்தான் கேடு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம்.

கெடா மாநிலத்தில் அங்கங்கே இருக்கும் பேச்சுப் பிரியர்கள் சேர்ந்து நடத்துகிற மன்றம் அது. மண்டபம் கிடையாது, மாலை கிடையாது, சாப்பிட மீகூன் தட்டும் கிடையாது. ஞாயிறு மாலை அவரவர் வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியிலோ கணினியிலோ இணையத்தில் ஒரு குரல் அறைக்குள் நுழைந்து வாதாடுவார்கள். பேசியது பதிவாகும், மறுநாள் எல்லாருக்கும் போகும். நடுவர் ஜித்ராவிலிருந்து பரஞ்சோதி. காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். யார் எப்போது பேசுவது, யார் வாயை எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும் பொத்தானில்தான் இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த மன்றத்தின் நட்சத்திரமே வள்ளிதான். அவள் அணியில் இருக்கிறாள் என்றாலே எதிரணி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று கேலி செய்வார்கள். சிகிச்சைக்கு அப்புறம் அவள் கைப்பேசியில் பேசினால் பாதி வார்த்தை காணாமல் போனது. முதலில் இணையம் சரியில்லை என்று நினைத்தாள். பிறகு மகள் சுபாஷினிதான் பினாங்கிலிருந்து விசாரித்துச் சொன்னாள். கைப்பேசிக்குள்ளே ஒரு வடிகட்டி இருக்கிறதாம். மின்விசிறிக் காத்தாடி, மோட்டார் சைக்கிள் மாதிரி இரைச்சல் வந்தால் தானாகவே துடைத்துவிடுமாம். அம்மாவின் குரலில் காற்று அதிகம் இருப்பதால் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடுகிறதாம்.

வள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. ஐம்பது வயதானவளின் பேச்சை ஒரு கைப்பேசி இரைச்சல் என்று தீர்ப்பு எழுதுவதா? அதை அணைத்துத் தொலை என்றாள். மகள் சொல்லிக் கொடுத்தபடி அணைத்தாள். இப்போது அவள் குரலோடு பக்கத்து வீட்டுச் சேவலும், எதிர்வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளும், தகரக் கூரையில் விழும் மழையும் சேர்ந்து பட்டிமன்றம் நடத்தின.

அந்த வாரம் பரஞ்சோதி தனியாக அழைத்தார். ஆண்டு நிறைவுப் பட்டிமன்றம் வருகிறது, வெளியூர்க்காரர்களும் கேட்பார்கள், பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சுற்றி வளைத்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க பாயிண்ட்ஸ்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுதி அனுப்பிடுங்க. செர்டாங்ல இருக்கற நவமணி வாசிச்சிருவாங்க. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

அவளும் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். அதற்கப்புறம் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள் பாருங்கள், கணவன் மனோகரன் கூடத்திலிருந்து எழுந்து வந்து எட்டிப்பார்க்கும்படி இருந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன் அவன். இரைச்சல் அவனுக்குப் பழக்கம். என்ன ஆச்சு என்று கேட்டான்.

"என் பேச்ச வேற ஒருத்தி வாசிப்பாளாம். நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமாம்."

அதனால் என்ன, தொண்டைக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி இருக்குமே என்று அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். வள்ளி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் மறுபடி கூடத்துக்குப் போய்விட்டான்.

எழுதியதை அவள் அனுப்பினாள். அனுப்பாவிட்டால் கோபித்துக்கொண்டாள் என்று பேச்சு வரும். ஆனால் அன்றைக்கே முடிவும் கட்டிவிட்டாள். தன் பேச்சைத் தானே பேசுவது. அதற்கு நல்ல மைக் ஒன்று வாங்குவது. கத்த முடியாதவளுக்காகத்தானே அந்த எந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறான்? கத்தத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

அடுத்த சில நாள் அவள் மைக்கைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் விமர்சன வீடியோக்கள்தான். ஒருவன் ஆஹா என்ற மைக்கை அடுத்தவன் குப்பை என்பான். ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் மைக்குக்குத் தனியாக ஒரு பெட்டி, தனியாக ஒரு கம்பி, தனியாக ஒரு தாங்கி என்று கல்யாணச் சீர்வரிசை மாதிரி நீண்டது. அதெல்லாம் வேண்டாம், நேராக வீட்டுக் கணினியில் செருகினால் பேச வேண்டும், கையைக் கடிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணியில் ரவிச்சந்திரனின் கணினிக் கடைக்குப் போனாள்.

ரவிச்சந்திரன் நல்ல வியாபாரி. முதலில் சட்டையில் குத்துகிற பொடி மைக்கைக் காட்டினான். சேலையில் குத்தினால் மடிப்பு உரசுகிற சத்தம்தான் கேட்கும் என்று அவள் தள்ளிவைத்தாள். அடுத்து அடியிலிருந்து நுனிவரை சிவப்பும் நீலமுமாக மின்னுகிற ஒன்றைத் தூக்கி வைத்தான். விளையாட்டுப் பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள், இந்த மாசம் இதுதான் ஓட்டம் என்றான்.

"வெளிச்சத்துக்கு எங்க வீட்ல லைட்டு இருக்கு தம்பி. நான் பேசறது கேக்கணும், அதுக்கு ஒன்னு காட்டுலா."

மூன்றாவதாக வந்தது கறுப்பாக, குட்டையாக, மேலே கம்பி வலையும் கீழே வழவழப்பான உடம்புமாக ஒரு மைக். யூஎஸ்பி கம்பி நேராகக் கணினிக்குப் போகும். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு, உச்சியில் தொட்டால் வாயடைக்கும் பொத்தான், இயர்போன் செருக அடியில் ஓர் ஓட்டை. ஒரு பக்கத்துக் குரலை மட்டும் பிடிக்கும், மற்ற பக்கத்து இரைச்சலைப் பெரும்பாலும் விட்டுவிடும், சேவலுக்கு இதுதான் மருந்து என்றான். வாடிக்கையாளர் கூட்டம் சேர்ந்துவிட்டது, எந்தப் பக்கம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் கடை மேசையில் வைத்துச் செருகினான், அவள் பேசிப் பார்த்தாள். தன் குரல் ஸ்பீக்கரில் முழுசாக வந்ததைக் கேட்டதும் வள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. கரகரப்புத்தான், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் வந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மனோகரனின் லாரியிலிருந்து துணி துவைக்கும் எந்திரம் வரைக்கும் எல்லாம் பொட்டு வாங்கிக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தன. மைக்குக்கும் வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் ஒன்றுதான் குறை. சூடம் காட்டினாள். வலையில் சந்தனம் பட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று யோசித்து, உடம்பில் இடம் தேடினாள். ஒரு பக்கம் திருகும், கம்பெனி பெயருமாக அடைசலாக இருந்தது. மறுபக்கம் துடைத்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அங்கே சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தாள். பார்க்கவே லட்சணமாக இருந்தது. பொட்டு தன்னைப் பார்க்கும்படி மேசைமேல் நிறுத்தினாள்.

பேசிப் பதிவு செய்து கேட்டாள். கிணற்றுக்குள் விழுந்தவள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

திருகைக் கூட்டினாள். கிணறு பெரிதாயிற்று. மைக்கை நெருங்கினாள், விலகினாள், அடியில் துண்டை மடித்து வைத்தாள், சன்னலைச் சாத்தினாள், காத்தாடியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பேசினாள். தன் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் நின்றது. சேவல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கூவியது. அந்த ஞாயிறு மன்றத்தில் வாய் திறந்து பார்த்தாள். நீங்கள் வெளியே நிற்கிறீர்களா, எங்களுடைய பேச்சே எங்களுக்குத் திரும்பிக் கேட்கிறதே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பரஞ்சோதி ஒன்றும் சொல்லவில்லை, பொத்தானை மட்டும் அழுத்தினார். வள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

மனோகரன் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். வள்ளிக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் அதே மைக்தான் பேசியது. அப்படியானால் குற்றம் வீட்டிலா, தன் தொண்டையிலா? தொண்டைதான் என்று மனசு ஓரத்தில் ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. அதை அவள் வெளியே விரட்டினாள். மறுநாள் மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி சுங்கைப் பட்டாணிக்குப் போனாள். ரவிச்சந்திரன் செருகினான், பேசச் சொன்னான். பாவி மைக், அங்கே கணீரென்று பேசியது. அவன் பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டில் இயர்போன் போட்டீர்களா அக்கா என்று கேட்டான். இல்லை என்றாள். கணினி ஸ்பீக்கரில் கேட்டால் மற்றவர்கள் பேச்சு மைக்குக்குள் நுழைந்து எதிரொலிக்கும், இயர்போனை மைக்கின் அடியிலேயே செருகுங்கள், அது என்ன கேட்கிறதோ அதையே நீங்களும் கேட்கலாம் என்றான்.

ஆண்டு நிறைவுப் பட்டிமன்றத்தன்று மதியம் அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நடுவில் மைக். எதிரே மனோகரன். அவனுக்கு ஞாயிறு என்றால் மேசையில் ஒரு பொட்டலம் மொறுமொறு இறால் கெரோப்போக் இருக்க வேண்டும். வள்ளி தன் முதல் வரியைப் பேசினாள். காதுக்குள் கிணற்றுக் குரல். அவன் ஒரு துண்டைக் கடித்தான்.

வள்ளி திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ காதுக்குள் உட்கார்ந்து விறகு உடைத்த மாதிரி இருந்தது. அவன் மென்றது கேட்டது. விழுங்கியது கேட்டது. மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"ஏங்க, இன்னொன்னு கடிங்க."

அவன் பயந்துபோய் மெதுவாகக் கடித்தான். அப்படியும் துல்லியமாகக் கேட்டது. வள்ளி மைக்கையே பார்த்தாள். பொட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருகும் கம்பெனி பெயரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரவிச்சந்திரனின் கடையில் திருகு யார் பக்கம் இருந்தது? அவள் பக்கம்தான் இருந்தது. மைக்கை மெல்லத் திருப்பி, மறுபடி அதே வரியைப் பேசினாள். அவள் குரல் அவள் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மூச்சும் கரகரப்பும் எல்லாம் சேர்த்து முழுக்குரல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் கோபம்தான் ஜெயித்தது. முகம் எது, முதுகு எது என்று கேட்காமல் முதுகுக்குப் பொட்டு வைத்து, முதுகோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள்! போதாததற்குத் தொண்டையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்!

"இது இத்தன நாளா உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு," என்றாள் மனோகரனிடம். அவன் தான் ஒன்றுமே பேசவில்லையே என்றான். அதுதான் எரிச்சல் என்றாள் அவள்.

மாலையில் மன்றம் கூடியது. கேட்க வந்தவர்கள் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறின. தலைப்பு, குடும்பத்தில் எடுபடுவது கணவன் பேச்சா, மனைவி பேச்சா. கணவன் பேச்சுத்தான் இன்னும் எடுபடுகிறது, அது மாற வேண்டும் என்பது வள்ளியின் அணி. ஜித்ராவிலிருந்து ஒருவர், கூலிமிலிருந்து ஒருவர் என்று பேசி முடித்தார்கள். பரஞ்சோதி தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்து சகோதரி சண்முகவள்ளி எழுதிய கருத்துகளை நவமணி வாசிப்பார், சகோதரிக்கு உடல்நலம் கருதி இந்த ஏற்பாடு என்றார். உடல்நலம்! வள்ளி உச்சிப் பொத்தானைத் தொட்டு, அடைத்து வைத்திருந்த மைக்கைத் திறந்தாள்.

நவமணி பாலர்பள்ளி ஆசிரியை, நல்ல பெண். நடுவர் அவர்களே என்று ஆரம்பித்து முதல் வரியைப் பாதிதான் வாசித்திருப்பாள்.

"நவமணி, நிறுத்தும்மா. அது என் பேச்சு."

கத்தவில்லை. உயர்த்தக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அத்தனை பேர் காதுக்குள்ளும் அது போய் இறங்கியது. யார் பேசுவது என்று பரஞ்சோதி கேட்டார்.

"சண்முகவள்ளி, சார். புக்கிட் செலம்பாவ்."

"அம்மா... தொண்ட சரியாயிருச்சா?"

"தொண்ட அப்படியேதான் சார் இருக்கு. இனிமேலும் இப்படித்தான் இருக்கும். அதுக்காக என் வார்த்தைய இன்னொருத்தர் வாயில போட நான் சம்மதிக்கல. பட்டன அமுத்தறதுன்னா அமுத்துங்க. ஆனா எதுக்கு அமுத்தறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு அமுத்துங்க."

அப்போதுதான் நவமணி வாய் திறந்தாள். அக்கா, உங்களுடையதை நீங்களே பேசுங்கள், இதை வாசிக்க எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் மைக்கைத் தானே அடைத்துக்கொண்டாள். பரஞ்சோதி பொத்தானை அழுத்தவில்லை. குரல் நன்றாகக் கேட்கிறது அம்மா, தொடருங்கள் என்றார். தோற்றாலும் ஒழுங்காகத் தோற்கிற மனிதர் அவர்.

எழுதி அனுப்பியதை வள்ளி பேசவில்லை. மைக் வாங்கிய கதையைப் பேசினாள். பூசை போட்டு, பொட்டு வைத்து, சொந்தக் காசில் வாங்கிய மைக், இந்த வீட்டில் வாயே திறக்காமல் கெரோப்போக் தின்கிற மனுசனை ஒரு சத்தம் விடாமல் கேட்டிருக்கிறது, எதிரே தொண்டை வலிக்கப் பேசுகிறவளை விட்டுவிட்டிருக்கிறது, குடும்பத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் நடுவர் அவர்களே என்று கேட்டாள். கூலிமில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவள் சிரிக்கவில்லை. மைக்கின் மேல் தப்பில்லை என்றாள். அதை யார் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம் என்று நாம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, திருப்பி வைக்க ஒரு கை போதும், அந்தக் கையை வைக்கத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று முடித்தாள். நேரம் முடிந்த மணியைப் பரஞ்சோதி அடிக்க மறந்திருந்தார்.

உச்சியில் இருந்த பொத்தானை அவளே தொட்டாள். சிவப்பு விழுந்தது. இந்த முறை அது அவள் போட்ட சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மனோகரன் ஒரு கெரோப்போக்கை வாயில் வைத்தபடி, கடிக்கவும் தைரியமில்லாமல் எடுக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பேச ஆரம்பித்ததிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறான். அது நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமப் பொட்டு இப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அழிக்க அவளுக்கு மனசில்லை.

"கடிங்க," என்றாள் வள்ளி. "அந்தப் பக்கம் இனிமே அதுக்குக் காது கேக்காது."